வாசல்வரை வந்து ரிவர்ஸ் எடுத்த தாய்மாமன்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு தாய்மாமன் இருந்தானாம். அவன்கிட்ட ஒரே ஒரு வண்டி இருந்துச்சாம். அந்த வண்டிக்கு முன்னாடி போற கியர் நாலு. பின்னாடி போற கியரும் நாலு.

ம் கொட்டிக்கிட்டே படிங்க. எங்க தாத்தா அப்படித்தான் கதை சொல்லுவாரு. ம் நின்னா கதையும் நின்னுடும்.

அந்தத் தாய்மாமன் நான்தான்.

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. செங்கல்பட்டுலேர்ந்து கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியா, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி கடலோரக் குப்பத்துல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகணும். அக்கா பொண்ணுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் ரெண்டும் நடக்கணும்.

ஆக, நான் செய்ய வேண்டியது: போய்ச் சேரணும். உக்காரணும்.

உக்கார்றதுல எனக்கு நல்ல அனுபவம் உண்டு. போய்ச் சேர்றதுலதான் சிக்கல்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. அக்கா காதலிச்சுக் கட்டிக்கிட்டவ. கல்யாணத்துக்கு எங்க வீட்லேர்ந்து ஒருத்தரும் போகல. எங்கப்பாவுக்கு மனசு ஆற ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவும் பேத்தி போட்டோவைப் பாத்த பிறகு. அந்த வாசல்ல எங்க வீட்டுச் சீர் நுழையப் போறது இதுதான் முதல் தடவை.

ஒரு வாரமா அக்கா போன்ல ஒரே பாட்டு. "டேய் குமரா, பத்தரைக்குள்ள சீர் வாசல் தாண்டிடணும்டா. ஊரே பாத்துக்கினு இருக்கும். சொதப்பிடாத."

"இதுல சொதப்ப என்னக்கா இருக்கு?"ன்னு கேட்டேன்.

இருந்துச்சு.

*

வண்டி கதையைச் சொல்லிடறேன். அது அக்கா வீட்டு வண்டிதான். அக்கா மாமனாரோடது. ரெண்டு பக்கமும் சைலன்சர் வெச்ச பழைய டூ ஸ்ட்ரோக். அவர் காலமானதுலேர்ந்து வலை வெக்கிற கொட்டாய்ல, வலைக்கு அடியிலேயே கிடந்துச்சு. உப்புக் காத்து தின்னது போக மிச்சம் இருந்ததை வண்டின்னு சொல்றதுக்கு ஒரு நல்ல மனசு வேணும். எனக்கு இருந்துச்சு.

ஆறு மாசம் முன்னாடி அக்காவோட மாமியார்கிட்ட போய்க் கேட்டேன். எல்லம்மா அத்தை. கரையில மீன் ஏலம் விடறவங்க. அவங்க இங்க பேசினா கட்டுமரத்துல இருக்கிறவனுக்குக் கேக்கும். நான் பேசினா எனக்கே ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தைதான் கேக்கும்.

"அத்தை, அந்த வண்டிய நான் எடுத்துக்கட்டுமா?"

"இன்னாது? வாயத் தொறந்து பேசுபா. காத்து வாங்கறியா, பேசறியா?"

மறுபடி கேட்டேன்.

"எட்த்துக்கோ. ஆனா அது ஓடாது. அவரு போனாரு, அதுவும் அன்னியோட மூச்ச நிறுத்திக்கிச்சு."

"ஓட வெச்சுக் காட்டறேன் அத்தை."

"நீயா! எங்க, ஓட்டிக்கினு வா பாக்கலாம். கொயந்தைக்கு மொட்ட போடறப்ப பக்கத்துலயே ஒக்காந்து நானும் போட்டுக்கிறேன்!"

கொட்டாய்ல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் பெரிய வீரனாட்டம், "ஓடலன்னா நான் போட்டுக்கறேன்"னு சொன்னேன். யாருக்கும் கேக்காதுங்கிற தைரியம்தான்.

பக்கத்துல நின்ன அக்காவுக்குக் கேட்டுடுச்சு. அவ அதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை சத்தமா சொல்லிட்டா.

*

ஆறு மாசம் எங்க வீட்டுப் பின்பக்கம் எங்க வீட்டுப் பின்பக்கமா இல்லை. சைலன்சரைக் கவுத்தா உள்ளேர்ந்து ஒரு நண்டு, அதைத் தேடிக்கிட்டு இன்னொரு நண்டு. பெட்ரோல் டேங்க் துருவுக்குக் கூழாங்கல்லும் புளித்தண்ணியும் ஊத்தி ரெண்டு நாள் குலுக்கினேன். அம்மா ரெண்டு நாள் புளியைத் தேடினாங்க. கார்புரேட்டர் அழுக்கு போகலன்னு இட்லிக் குண்டான்ல வேக வெச்சேன். அன்னைலேர்ந்து எங்க வீட்ல தோசைதான்.

ஆனா ஒரு நாள் அது ஸ்டார்ட் ஆச்சுங்க! தெருவே வெள்ளையாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க காஞ்ச துணியை எல்லாம் மறுபடி தோய்ச்சாங்க. வண்டிக்கு "புகைக்கூண்டு"ன்னு பேரும் வெச்சாங்க.

காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசி வேலை. பாயிண்ட் சரி பண்றது. பிளக்குக்குத் தீப்பொறி எப்பப் போகணும்னு முடிவு பண்ற சின்னச் சாமான் அது. ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு மயிரிழை இடைவெளி விடணும். அதை அளக்க மெல்லிசா ஒரு தகடு உண்டு. என் தகட்டைக் காணோம்.

தேடினேன். கிடைக்கல. கையில காதுகுத்துப் பத்திரிகை இருந்துச்சு.

அட்டை ஓரத்தைப் பாத்தேன். தகடு மாதிரியே இருந்துச்சு. உள்ள விட்டேன், திருகாணியை முடுக்கினேன், வேலை முடிஞ்சுது. எவ்ளோ புத்திசாலிடா நீன்னு என்னையே ஒரு தடவை பாராட்டிக்கிட்டேன்.

சாதாரண வீட்டுப் பத்திரிகைன்னா தப்பிச்சிருப்பேன். இது எல்லம்மா அத்தை அடிச்ச பத்திரிகை. முதல் பேத்தின்னு அட்டையில சிக்கனமே பாக்கல. விட்டெறிஞ்சா எதிர்வீட்டுக் கண்ணாடி உடையற கனம். இடைவெளி கூடிப்போச்சு. தீப்பொறி வர வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே வர ஆரம்பிச்சிடுச்சு.

எனக்கு அது தெரியாது. என் முழங்காலுக்கு மறுநாள் காலையில தெரிஞ்சுது. கிக்கரை உதைச்சா கிக்கர் என்னைத் திருப்பி உதைச்சுது.

"இன்னா மச்சான், வண்டி உன்ன ஸ்டார்ட் பண்ணுது?"ன்னான் டில்லி.

டில்லிபாபு என் நண்பன். ஊரப்பாக்கத்துக்காரன். சிறுசேரி கம்பெனிங்களுக்கு கேப் ஓட்டறான். நல்ல உயரம், நல்ல மீசை, பட்டு வேட்டி கட்டினா மாப்பிள்ளை மாதிரி இருப்பான். அன்னைக்குப் பட்டு வேட்டிதான் கட்டியிருந்தான். நானும் கட்டியிருந்தேன். எனக்கு அது வேட்டி மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

அப்பா, அம்மா, சொந்தக்காரங்க எல்லாம் பழத்தட்டு, பூத்தட்டு, வளையல் தட்டோட வேன்ல முன்னாடியே போயாச்சு. முக்கியமான தட்டு மட்டும் மாமன்கூடத்தான் வரணும்னு அம்மா சொல்லிட்டாங்க. பட்டுப்பாவாடை, அதுக்கு மேல சின்ன டப்பாவுல தங்கத் தோடு. அதை டில்லி பையில பத்திரமா மடியில வெச்சுக்கிட்டான்.

மூணாவது உதைக்குப் புகைக்கூண்டு கிளம்புச்சு. திருக்கழுக்குன்றத்துல டீ குடிச்சோம். ஒருத்தர் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து, "இன்னா கண்டிஷன் தம்பி! யாரு பண்ணது?"ன்னாரு. "நான்தான்"னேன். "யாரு?"ன்னு மறுபடி கேட்டாரு. டில்லி சொன்னான்.

ஒன்பதே முக்காலுக்குக் குப்பத்துத் தெருமுனைக்குப் போயிட்டோம். இதுவரைக்கும் ஒரு குத்தமும் இல்லை. இங்கேயே கதை முடிஞ்சிருந்தா நான் மொட்டையா இருந்திருக்க மாட்டேன்.

*

தெருமுனையில எங்காளுங்க வரிசையா தட்டோட நிக்கிறாங்க. முன்னாடி டிரம்ஸ் செட். நடுவுல நாங்க ரெண்டு பேரும் வண்டியில. பின்னாடி பெண்டுங்க. தெருவோட அந்தக் கோடியில பந்தல். வாசல்ல அக்கா, ஆரத்தித் தட்டோட. பக்கத்துல எல்லம்மா அத்தை, இடுப்புல கையோட.

டிரம்ஸ் ஆரம்பிச்சுது. ஊர்வலம் நகந்துச்சு. கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே ஆமை வேகத்துல உருட்டறேன். டில்லி பையிலேர்ந்து எடுத்த சாமானைத் தட்டுல அடுக்கி, தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கான்.

அத்தை முகத்தைப் பாத்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்துச்சு. புகைக்கூண்டு சத்தம் கேட்டதுலேர்ந்து கண்ணு வண்டியை விட்டு நகரல. கை தானா கொண்டைக்குப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள எத்தனை டிரம்ஸ் அடிச்சிருக்கும்னு நினைக்கிறீங்க!

வாசலுக்கு முப்பதடி இருக்கும்போது வேன்லேர்ந்து இறங்கின எங்க சித்தப்பா ஒருத்தர் போட்டோ எடுக்க எல்லாரையும் நிறுத்தினாரு. நியூட்ரல்ல போட்டு நின்னேன். வண்டி சத்தம் குறைஞ்சுது. இன்னும் குறைஞ்சுது. "டுப்... டுப்..."னு உயிர் போற மாதிரி இழுத்துது.

"வேணாம்டா, இப்ப வேணாம்டா"ன்னு டேங்க்கைத் தடவிக் கொடுத்தேன்.

"டமார்!"னு ஒரு இருமல். அப்புறம் மறுபடி பிடிச்சிக்கிச்சு! "டப டப டப டப." சத்தம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, தொண்டை கட்டின மாதிரி. சரி, வண்டிக்கும் கூச்சம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

போட்டோ முடிஞ்சுது. முதல் கியரைப் போட்டேன். அத்தையைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சேன். கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னாடி போச்சு.

உருளல. ஓடுச்சு. என்ஜின் பலத்துல, ஆக்சிலேட்டர் குடுத்த வேகத்துல, வாசலைப் பாத்துக்கிட்டே நான் வாசலை விட்டுத் தூரமா போறேன். அக்கா சின்னதாயிக்கிட்டே போறா. அத்தை சின்னதாயிக்கிட்டே போறாங்க.

"கொஞ்சம் வழி விடுங்க"ன்னேன். ஹார்ன் இன்னும் மாட்டல. என் குரல் ஹார்னுக்கு மாத்து இல்லை. பெண்டுங்க தட்டோட ரெண்டு பக்கமும் சிதறி ஓடறாங்க. "மச்சான்! மச்சான்! பின்னால போவுது மச்சான்!"னு டில்லி கத்தறான். எனக்குத் தெரியாத மாதிரி!

தெருவோரம் குவிச்சு வெச்சிருந்த வலையில வண்டியோட வாலு மெத்துன்னு மோதி நின்னுச்சு. கிளட்சை இறுக்கிப் பிடிச்சேன். டில்லி கையில தட்டு அப்படியே இருந்துச்சு. டப்பா இருந்துச்சு. தோடு இருந்துச்சு. டிரம்ஸ்காரர் அடிக்கறதையே நிறுத்தல.

"கியர மாத்திப் போட்டுட்டான்யா" - யாரோ.

அப்படித்தான் இருக்கும்னு நானும் நம்பினேன். நல்லா பாத்து, மறுபடி முதல் கியர். கிளட்ச். மறுபடி வலை.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பழைய வண்டிக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு அண்ணன் ஒரு தடவை எழுதியிருந்தாரு. டூ ஸ்ட்ரோக் வண்டியில தீப்பொறி ரொம்ப முன்னாடி வந்தா, அணையப் போற நேரத்துல என்ஜின் உதை வாங்கி எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிச்சிடும், எந்தக் கியர் போட்டாலும் பின்னாடிதான் போகும்னு.

அதுக்குக் கீழ, "அண்ணா, கதை விடாதீங்க"ன்னு எழுதினவன் நான்.

*

சிரிப்பா இருந்துச்சா? அங்க யாரும் சிரிக்கல.

வாசல்ல நின்ன பெரிய பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிறாங்க. "சீரு வாசவரிக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சே"ன்னு ஒரு குரல். "மொத மொத வர்ற சீரு..."ன்னு இன்னொண்ணு. எங்கப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு வந்த மனுஷன். அக்கா ஆரத்தித் தட்டைக் கீழ இறக்கிட்டா.

மணி பத்தேகால்.

நான் சாவியில கை வெச்சேன். அணைச்சிட்டுத் தள்ளிக்கிட்டே போயிடலாம்னு.

"அணைக்காத!"

எல்லம்மா அத்தை. அந்தக் குரலுக்குக் கடலே ஒரு அலை தள்ளி வெச்சிருக்கும்.

"அணைச்சுட்டுத் தள்ளிக்கினு வந்தா ஓடுனதா கணக்கில்ல, சொல்லிட்டேன்! ஓட்டிக்கினு வரேன்னுதான சொன்ன? ஓட்டிக்கினு வா!"

"அத்தை, அது பின்னாடி..."

"இன்னா சொல்றான் இவன்? யாருனா கேட்டு சொல்லுங்களேன்!"

டில்லிதான் குனிஞ்சு என் காதுல சொன்னான். "மச்சான், நான் டெய்லி சிறுசேரி பார்க்கிங்ல ரிவர்ஸ்லதான் வண்டி வுடறேன். இதுல இன்னா கீது? வண்டியத் திருப்பு."

"திருப்பி?"

"பின்னாலயே வூட்டுக்குள்ள வுட்டுடு."

வேற வழி இல்லை. நாலு பேர் பிடிச்சு வண்டியைத் திருப்பினாங்க. என் முகம் தெருமுனையைப் பாத்து, முதுகு வாசலைப் பாத்து. டில்லி மட்டும் இறங்கி, திரும்பி, சீட்ல வாசலைப் பாத்து உக்காந்தான். என் முதுகும் அவன் முதுகும் ஒட்டிக்கிச்சு. தட்டைத் தூக்கிப் பிடிச்சான்.

முதல் கியர் போட்டேன். பாதிக் கிளட்ச். ரெண்டு காலையும் தரையில ஊணிக்கிட்டு.

எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு தெரியல. யாரோ ஒருத்தர் வண்டியோட பின்பக்கத்தை ரெண்டு தட்டு தட்டி, "வர்லாம் வர்லாம் வர்லாம்!"னாரு. அவ்வளவுதான்! குப்பமே கண்டக்டர் ஆயிடுச்சு.

"வர்லாம்! லெப்ட்டு ஒடி, லெப்ட்டு ஒடி!"

"அவன் லெப்டா, நம்ம லெப்டா?"

"யோவ், பந்தக்காலு! பந்தக்காலு!"

"கம்மியா வுடு... கம்மியா... நேராக்கிக்கோ!"

"அண்ணாத்த, கோலத்து மேல ஏத்தாத!"

டிரம்ஸ்காரர் அதுக்கு ஏத்த மாதிரி தாளத்தை மாத்திட்டாரு. சிதறின பெண்டுங்க தட்டோட மறுபடி வரிசை கட்டினாங்க. இப்ப அவங்க என் முகத்துக்கு நேரா வர்றாங்க. எல்லாருக்கும் சிரிப்பு தாங்கல. அப்பாவும் தலையை நிமித்திட்டாரு. ஒரு கட்டத்துல அவரும் கையை ஆட்டி, "வர்லாம் வர்லாம்"னாரு. இந்த வீட்டைப் பாத்து எங்கப்பா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஓல்ட்டேய்ய்!"

நின்னேன். வாசலுக்கு நேரா. மணி பத்து இருபத்தஞ்சு.

எனக்கு ஒண்ணும் தெரியல. எதிர்ல தெருதான் தெரியுது. பின்னாடி குலவைச் சத்தம் கேக்குது. ஆரத்தி சுத்தற வாசனை வருது. "மாமன் நல்லா வாட்டசாட்டமா கீறாரே"ன்னு ஒரு அம்மா சொல்றாங்க. நமக்கு எப்படா பொட்டு வெப்பாங்கன்னு கழுத்தைத் திருப்பிப் பாத்தா, அக்கா கையிலேர்ந்து தட்டை வாங்கின ஒரு பொண்ணு ஆரத்தி எடுத்துப் பொட்டு வெச்சது டில்லிக்கு!

அவன் மறுக்கல. மீசையைத் தடவிக்கிட்டான்.

"அய்யோ, அது இல்லடி மாமன்! இந்தாண்ட பக்கம் ஒக்காந்துகினு கீதே, அது!"ன்னு அக்கா கத்தின பிறகு மிச்சம் இருந்த ஆரத்தித் தண்ணியில எனக்கும் ஒரு பொட்டு கிடைச்சுது.

சீர் வாசல் தாண்டிடுச்சு. அப்பத்தான் வண்டியை அணைச்சேன்.

*

குழந்தை என் மடியில உக்காந்துச்சு. முடி எடுக்கிறவர் கத்தியைத் தண்ணியில நனைச்சதும் அழ ஆரம்பிச்சுது. தோடு போடறவரைக்கும் அழுதுச்சு. எல்லாம் முறைப்படி நடந்துச்சு.

முடிஞ்சு எழுந்திருக்கப் போறேன், தோள்ல ஒரு கை அழுத்துச்சு. எல்லம்மா அத்தை. பக்கத்துல சப்பணம் போட்டு உக்காந்து கொண்டையை அவுத்து விட்டாங்க.

"யோவ், எனக்குப் பூமுடி எடு. நுனியில மூணு வெரக்கட, போதும்."

முடி எடுக்கிறவருக்குப் புரியல. "மொட்டன்னு பந்தயம் வெச்சியாமே எல்லம்மா?"

"முன்னால ஓடியிருந்தா மொட்ட. பின்னாலதான ஓடுச்சு? அதனால நான் பாதி தோத்தேன். பூமுடி போதும். மிச்சம் பாதி அவன் தோத்தான். அவனுக்குப் போடு."

"பாதி மொட்ட எப்டிம்மா போடறது?"

"அசிங்கமா இருக்கும். முயுசா போட்டுடு."

நான் ஏதோ சொன்னேன். யாருக்கும் கேக்கல.

முடி விழுந்துக்கிட்டிருக்கும்போது மனசு கேக்காம அத்தைகிட்ட விஷயத்தை விளக்கினேன். பாயிண்ட், பத்திரிகை அட்டை, என்ஜின் எதிர்ச்சுத்து எல்லாம். அணைச்சிட்டு மறுபடி உதைச்சா தானா சரியாயிடும்னும் சொன்னேன்.

"தெரியும்பா"ன்னாங்க.

"என்ன தெரியும்?"

"அவருக்கும் ஒருதபா இப்டிதான் பண்ணிச்சு. மீன்கூடையோட பின்னாலயே போயி உப்பங்கழியில இறங்கிட்டாரு. அணைச்சுட்டு ஒதைச்சாரு, நேரா போச்சு."

"அப்ப... அணைக்காதன்னு கத்தினீங்களே அத்தை?"

அத்தை கொண்டையை முடிஞ்சுக்கிட்டாங்க. "பாக்க நல்லா இருந்துச்சு. அந்த வண்டி மேல அப்டி ஒரு மூஞ்சிய நான் பாத்து எவ்ளோ நாளாச்சு."

அப்புறம் என் மொட்டைத் தலையில சந்தனத்தை அவங்களே அப்பினாங்க. அட்டை கனமா இருக்கணும்னு சொன்னது தான்தான்னு பந்தல்ல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டும் திரிஞ்சாங்க.

சாப்பாடு ஆச்சு. வஞ்சிர மீன் நாளைக்குத்தான், இன்னைக்குச் சாம்பார்னு அக்கா வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சு வருத்தப்பட்டாரு. வேன் கிளம்புச்சு. அப்பா போகும்போது சம்பந்தி வீட்டுக்காரங்களைப் பாத்து ஜன்னல் வழியா, "நீங்களும் வர்லாம் வர்லாம்"னு கை காட்டினாரு. சிரிச்சுக்கிட்டே எல்லாரும் உள்ள போனாங்க.

தெருவுல நானும் டில்லியும் புகைக்கூண்டும்தான். பத்திரிகையை விட மெல்லிசா கிடைச்ச ஒரு பிஸ்கட் பாக்கெட் அட்டையை வெச்சு இடைவெளியைச் சரி பண்ணேன். ஒரே உதை. சமத்தா ஸ்டார்ட் ஆச்சு. ஹெல்மெட் மாட்டினேன். மொட்டைத் தலையில அது கிணத்துல போட்ட சொம்பு மாதிரி சுத்துச்சு.

"ஏறுடா"ன்னேன்.

டில்லி நெத்திப் பொட்டைக்கூட அழிக்காம வேட்டியை மடிச்சுக் கட்டினான். "நான் பஸ்ல போறேன் மச்சான். பஸ்ஸுக்குக் கண்டக்டர் கீறாரு."

பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல.

நான் பாத்தேன். பின்னாடி யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு, அப்புறம்தான் கிளட்சை விட்டேன்.